பொந்து மரங்களும் பறக்கும் அணில்களும்

காடுகளில் மரங்களைக் கணக்கெடுக்கும் பொழுது, உள்ளீடற்றுப் பொந்து விழுந்த முதிய மரம் பெரும்பாலும் பயனற்றவற்றின் வரிசையிலேயே எழுதப்படுகிறது. அதன் அடிமரத்திலிருந்து பலகை கிடைக்காது. அதன் நிழல் இளங்கன்றுகளின் வளர்ச்சியைத் தடுக்கும். அது எந்நேரத்திலும் முறிந்து விழக்கூடும். வாணிப நோக்கில் இக்கூற்றுகளை மறுப்பதற்கில்லை. ஆயினும் விலங்கியல் நோக்கில் அதே மரம் காட்டின் மதிப்பு மிக்க உடைமைகளுள் ஒன்றாகும். பறக்கும் அணில்களைப் பொறுத்தவரை இவ்வுண்மை சிறப்பாகப் பொருந்தும். இவ்வணில்களைப் பற்றிய விஞ்ஞான அறிவு இன்னும் குறைவாகவே உள்ளது. அதைப் பெருக்க வேண்டுமாயின், இரவில் அணிலைத் தேடி அலைவதைக் காட்டிலும், அதன் பொந்தைக் கண்டறிந்து, பதிவு செய்து, தொலைவிலிருந்து கவனித்து, அம்மரத்தைக் காப்பாற்றுவதே சிறந்த வழியாகும். விலையுயர்ந்த கருவிகள் இதற்குத் தேவையில்லை. வனக் காவலரும், காட்டை அடுத்த ஊர்களின் ஆசிரியரும் செய்யத்தக்க பணியே இது.

பிராணியின் இயல்பு

பறக்கும் அணில் உண்மையில் பறப்பதில்லை. பறவைக்கும் வௌவாலுக்கும் உள்ளதைப் போன்ற சிறகு அதற்குக் கிடையாது. உடலின் இரு பக்கங்களிலும், முன்னங்காலின் மணிக்கட்டிலிருந்து பின்னங்கால் வரையில், மயிர் அடர்ந்த தோல் மடிப்பு ஒன்று அமைந்துள்ளது. மணிக்கட்டை ஒட்டிப் புறப்படும் குருத்தெலும்புக் கம்பி அத்தோலின் முன் ஓரத்தை விரித்துப் பிடிக்கிறது. உயர்ந்த கிளையிலிருந்து பாயும் அணில் கால்களை அகற்றித் தோலை விரித்துக் காற்றில் வழுக்கி இறங்குகிறது. இலக்கை நெருங்கும் தருவாயில் உடலை நிமிர்த்தி வேகத்தைக் குறைத்து, அடுத்த மரத்தின் அடிப்பகுதியைப் பற்றிக்கொள்கிறது. பின்னர் விரைந்து மேலேறி, அடுத்த பாய்ச்சலுக்கு ஆயத்தமாகிறது.

இந்தியாவில் பத்துக்கு மேற்பட்ட பறக்கும் அணில் இனங்கள் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை இமயமலைச் சரிவுகளுக்கும் வடகிழக்குக் காடுகளுக்கும் உரியவை. தீபகற்பத்தில் பரவலாகக் காணப்படுவது இந்தியப் பெரும் பறக்கும் அணில் ஆகும். பெட்டாரிஸ்டா பிலிப்பென்சிஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். தலையும் உடலும் சேர்ந்து 40 முதல் 45 சென்டிமீட்டர் வரையிலும், வால் அதனினும் நீண்டும் இருக்கும். தெற்கு இராஜஸ்தானத்தின் வறண்ட இலையுதிர் காடு முதல் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடு வரையில் இது வாழ்கிறது, இலங்கையிலும் உண்டு. இலை, தளிர், பழம், மொட்டு, பட்டை ஆகியவை இதன் உணவு. அத்தியும் ஆலும் சேர்ந்த குடும்பத்தின் மரங்களை இது மிகவும் நாடுகிறது. பகல் முழுவதும் பொந்தில் உறங்கி, அந்தியில் வெளிவந்து, விடியுமுன் திரும்புகிறது. பொதுவாக ஒரு பேற்றில் ஒரு குட்டியையே ஈனுகிறது. இவ்வளவு மெதுவாகப் பெருகும் பிராணி, தன் உறைவிடம் அழிந்தால் அவ்விழப்பை எளிதில் ஈடு செய்துகொள்ள இயலாது.

இப்பிராணிகளைப் பற்றிய அறிவு எவ்வளவு குறைவு என்பதற்குச் சில சான்றுகள் போதும். 1981ஆம் ஆண்டில் அருணாசலப் பிரதேசத்தின் நாம்தபா காட்டில், தேபான் என்னுமிடத்தில் கிடைத்த ஒரே ஒரு மாதிரியைக் கொண்டு, எஸ். எஸ். சாகா என்ற விலங்கியலறிஞர் அதே ஆண்டில் ஒரு புதிய பேரினத்தையே விவரித்தார். இந்திய விலங்கியல் மதிப்பாய்வகத்தில் பணியாற்றிய பிஸ்வமய் பிஸ்வாஸ் அவர்களின் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கைக்கும் உரிய சிறிய திருவிதாங்கூர்ப் பறக்கும் அணில், நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாதிருந்து, 1989இல் கேரளக் காடுகளில் மீண்டும் காணப்பெற்றதாக அறிவிக்கப்பட்டது. 1888இல் விவரிக்கப்பட்ட கம்பளிப் பறக்கும் அணில், மறைந்து போனதோ என ஐயுறப்பட்டு, 1994இல் வடமேற்கு மலைப் பகுதியில் மீண்டும் கண்டறியப்பட்டது. அதன் பேரினத்தில் மேலும் இரு இனங்கள் உள்ளன என்பது 2021இல்தான் தெரியவந்தது. இவை ஆழ்கடலில் மறைந்து வாழ்பவை அல்ல. நில வாழ் பாலூட்டிகள். இருப்பினும் இந்நிலை.

காணாமைக்குக் காரணம்

இதற்குக் காரணம் அணிலின் அருமை மட்டுமன்று. கவனிக்கும் முறையும் ஒரு காரணமாகும். காட்டு விலங்குகளைக் கணக்கெடுப்பதற்கு இன்று தானியங்கி ஒளிப்படக் கருவிகள் பெருமளவில் பயன்படுகின்றன. புலி முதலிய பெரிய பிராணிகளின் பொருட்டு அவை நிலத்திலிருந்து முழங்கால் உயரத்தில் பாதையோரங்களில் பொருத்தப்படுகின்றன. மரத்தின் உச்சியிலேயே வாழ்நாளைக் கழிக்கும் பிராணி அவற்றில் அகப்படுவது அரிது. பகல் நேரக் கணக்கெடுப்பிலும் அது பதிவாவதில்லை. ஆகவே ஒரு காட்டின் விலங்குப் பட்டியலில் பறக்கும் அணில் இல்லையென்றால், அது அங்கு இல்லை என்று முடிவு செய்தல் கூடாது. எவரும் அந்தியில் மேல்நோக்கிப் பார்க்கவில்லை என்பதே பல இடங்களில் உண்மையாக இருக்கக்கூடும்.

அந்தி நேரத்தில் காட்டில் இருப்பவர் வனக் காவலரே. ஆண்டு முழுவதும் ஒரே சுற்றில் நடந்து, ஒவ்வொரு பெரிய மரத்தையும் அறிந்தவரும் அவரே. வெளியிலிருந்து சில திங்கள் தங்கி ஆராய வருபவருக்கு இவ்வாய்ப்பு இல்லை. எனவே இத்துறையில் அவரது பதிவேடு ஆராய்ச்சியாளரின் குறிப்பேட்டிற்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

பொந்தை அறிதல்

பொந்து ஒரு நாளில் தோன்றுவதன்று. காற்றினால் கிளை முறிகிறது. அப்புண்ணின் வழியே காளான் நுழைந்து வைரத்தை மென்மையாக்குகிறது. கறையானும் பூச்சிகளும் அதைக் குடைகின்றன. மரங்கொத்தியும் குக்குறுவானும் வாயிலை அகலப்படுத்துகின்றன. ஒரு பெரிய அணில் குட்டியுடன் தங்கத்தக்க அறை உருவாவதற்குப் பல பத்தாண்டுகள் செல்லும். அவ்வறைக்குப் போட்டியும் மிகுதி. இருவாட்சி, ஆந்தை, கிளி, மைனா, மரநாய், உடும்பு, தேனீ ஆகிய யாவும் பொந்துகளை நாடுபவை. மரக்கன்றை நட்டு வளர்க்கலாம். பொந்தை நட்டு வளர்க்க இயலாது.

கூட்டை அடையாளம் காண்பதில் ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. மரத்தின் உச்சிக் கவையில் சுள்ளிகளும் இலைகளும் கொண்டு கட்டப்பட்ட பெரிய உருண்டை வடிவக் கூட்டைப் பலர் பறக்கும் அணிலின் கூடு எனக் கருதுகின்றனர். தீபகற்பக் காடுகளில் அது பெரும்பாலும் மலை அணிலின் கூடாகும். மலை அணில் பகலில் உலவும் பிராணி. கிளைக்குக் கிளை தாவுவதன்றி, தோல் விரித்துச் சறுக்குவதில்லை. ஒரே மலை அணில் பல கூடுகளைக் கட்டுவதும் உண்டு. பெரும் பறக்கும் அணிலோ முதன்மையாக மரப் பொந்தையே உறைவிடமாகக் கொள்கிறது. ஓரம் தேய்ந்து வழவழப்பாக இருக்கும் பொந்து வாயில், மரத்தின் அடியில் கிடக்கும் புதிய புழுக்கைகள், பாதி கடித்து உதிர்க்கப்பட்ட இலைகளும் தளிர் நுனிகளும் ஆகியவை ஐயத்தை எழுப்பும் குறிகள். இவை சான்றுகள் அல்ல. அந்தியில் அங்கு அமர்ந்து பார்க்க வேண்டும் என்பதற்கான காரணங்கள் மட்டுமே.

சீதாமாதா காட்டின் பாடம்

தெற்கு இராஜஸ்தானத்தில், 1979இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சீதாமாதா காடு இவ்வகையில் கருதத்தக்கது. கோடையில் இலையுதிர்ந்து வறண்டு நிற்கும் அக்காட்டைப் பார்ப்பவர், பறக்கும் அணில் வாழத் தக்க இடம் அதுவென நினையார். எனினும் பெரும் பறக்கும் அணிலைக் கவனிக்க வட இந்தியாவில் பெயர் பெற்ற இடங்களுள் அதுவும் ஒன்று. அங்கு நிகழ்ந்த ஆய்வுகளில், முதிர்ந்த மகுவா மரங்கள் அணிலின் கூட்டு மரங்களாகச் சிறப்பிடம் பெற்றிருப்பது தெரியவந்தது. மகுவா என்பது தமிழ்நாட்டு இலுப்பையின் இனமே. அதன் இலையும் பூவும் பட்டையும் அணிலுக்கு உணவுமாகின்றன.

இதில் மனிதருக்கும் ஒரு பங்குண்டு. மகுவாப் பூவும் வித்தும் அப்பகுதிப் பழங்குடி மக்களின் உணவுக்கும் வருவாய்க்கும் ஆதாரமானவை. ஆகவே மத்திய இந்தியா முழுவதிலும் மற்ற மரங்கள் வெட்டப்படும் பொழுதும் மகுவாவை விட்டு வைக்கும் வழக்கம் இருந்து வருகிறது. விடப்பட்ட மரம் முதிர்கிறது. முதிர்ந்த மரத்தில் பொந்து விழுகிறது. மனிதர் தம் நலன் கருதிக் காத்த மரம் அணிலுக்கும் இடமளிக்கிறது. அதே வேளையில் உதிரும் பூவைப் பொறுக்குவதற்காக மரத்தடியிலுள்ள சருகுகளைத் தீயிட்டு அகற்றும் பழக்கமும் அக்காடுகளில் பரவலாக உண்டு. அடிமரத்தில் உளுத்த பகுதியுள்ள மரத்தில் இத்தீ பற்றினால், பொந்து புகைபோக்கியாக மாறி மரம் உள்ளிருந்தே எரிந்துவிடும். சருகைத் தீயிடாது பெருக்கி அகற்றுவதும், பூ விழும் இடத்தில் துணி அல்லது வலை விரிப்பதும் மாற்று வழிகள். இவற்றை எடுத்துரைக்க ஊர் ஆசிரியரைக் காட்டிலும் தகுந்தவர் இலர்.

கவனிக்கும் முறை

பொந்து மரத்தை அறிந்த பின், கவனிப்பவர் சூரியன் மறைவதற்கு அரை மணி முன்னதாகவே, மரத்திலிருந்து 20 அல்லது 30 மீட்டர் தள்ளி, பொந்து வாயில் வானத்தின் வெளிச்சத்தில் தெரியும்படியான இடத்தில் அமர்தல் வேண்டும். பேசுதலும் புகைபிடித்தலும் கூடாது. சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்திற்குள், இருள் சூழும் வேளையில், அணில் பெரும்பாலும் வாயிலில் தலை நீட்டும். சிறிது நேரம் அசையாதிருந்து சுற்றிலும் பார்த்த பின்னர் வெளியேறி அடிமரத்தில் ஏறும். வெளிவந்தவை எத்தனை, எப்பொழுது, எத்திசையில் சறுக்கின என்பவற்றை அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். கைவிளக்குத் தேவைப்பட்டால், சிவப்புக் கண்ணாடித் தாளால் மூடிய மங்கலான ஒளியைப் பயன்படுத்தலாம். பொந்து வாயிலின் மீது அதைப் பாய்ச்சலாகாது. கண்களின் செந்நிற ஒளிர்வை மட்டும் கொண்டு முடிவு செய்தலும் தவறு. தேவாங்கு, மரநாய் முதலியவற்றின் கண்களும் இரவில் ஒளிர்வன. நீண்ட வாலையோ சறுக்கலையோ கண்ட பின்னரே பெயரை எழுதுதல் நன்று.

ஒரு தீய வழக்கத்தை இங்குக் கண்டித்தல் அவசியமாகிறது. பார்வையாளருக்குக் காட்டுவதற்காகப் பகலில் கட்டையால் அடிமரத்தைத் தட்டி அணிலை வெளியேற்றுவதும், கோலை நுழைப்பதும், புகையிடுவதும் சில இடங்களில் நிகழ்கின்றன. இதனால் கிடைக்கும் விஞ்ஞான அறிவு யாதுமில்லை. அணில் இருக்கிறது என்பது மட்டுமே தெரியவரும். அதை அந்தி வரை பொறுத்திருந்தும் அறியலாம். இழப்போ பெரிது. இரவுக்கென அமைந்த பிராணி பகல் வெளிச்சத்தில் வெளியேறுமாயின், கழுகுக்கும் வல்லூறுக்கும் இலக்காகிறது. குட்டியுடன் உள்ள தாய் மீண்டும் மீண்டும் கலைக்கப்பட்டால், குட்டி கீழே விழவோ கைவிடப்படவோ நேரலாம். அன்றியும், தட்டி வெளியேற்றப்பட்ட பிராணியின் நடத்தை இயல்பான நடத்தையன்று. அவ்வாறு பெற்ற குறிப்பு பதிவேட்டில் இடம் பெறத் தகுதியற்றது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறக்கும் அணில்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது என்பதையும், பிடித்தலும் வளர்த்தலும் குற்றமாகும் என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும்.

பதிவேடு

பதிவேட்டில் எழுத வேண்டியவை சிலவே: நாள், இடம், மரத்தின் பெயர், அது உயிருள்ளதா பட்டதா, 1.37 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு, பொந்தின் உயரம், வாயிலின் திசை, சூரியன் மறைந்த நேரம், அணில் வெளிவந்த நேரம், எண்ணிக்கை, நிலவு, மழை. இவற்றுடன் அணில் வெளிவராத மாலைகளையும் தவறாது எழுத வேண்டும். ஒரே அணில் பல பொந்துகளை மாறி மாறிப் பயன்படுத்தக்கூடும். ஆதலால் ஒரு மாலையில் காணாததைக் கொண்டு அப்பொந்து கைவிடப்பட்டது எனக் கொள்ளுதல் பொருந்தாது. பல மாலைகளின் குறிப்பே உண்மையை உணர்த்தும். இன்மையை எழுதாத பதிவேடு பாதிப் பதிவேடே ஆகும்.

ஆசிரியர் மாணவரை இரவில் காட்டினுள் அழைத்துச் செல்லத் தேவையில்லை. யானையும் கரடியும் உள்ள இடங்களில் அது தகாது. பள்ளியின் அருகிலும், கோயில் தோப்பிலும், சாலையோரத்திலும் உள்ள பொந்து மரங்களைப் பகலில் எண்ணிப் படம் வரைவதே நல்ல பாடமாகும். கணிதத்திற்கும் இதில் இடமுண்டு. பறக்கும் அணில்களின் சறுக்கலை அளந்தவர்கள், கடக்கும் கிடைமட்டத் தூரம் இறங்கும் உயரத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு எனக் கண்டுள்ளனர். அவ்விகிதத்தைக் கொண்டால், 30 மீட்டர் அகலமுள்ள வெட்டவெளியைக் கடக்க அணில் 15 மீட்டர் இறங்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் பற்றுவதாயின், 18 மீட்டர் உயரத்திலிருந்து புறப்பட வேண்டும். சாலைக்காகவோ மின்கம்பிக்காகவோ அவ்வெளி 40 மீட்டராக அகன்றால், தேவைப்படும் உயரம் 23 மீட்டராகிறது. ஓரத்து மரங்கள் 20 மீட்டரே வளர்ந்திருந்தால் அணிலின் வழி அடைபட்டுவிடும். காட்டைத் துண்டாடுதல் என்பதன் பொருளை இக்கணக்கு மாணவருக்கு நன்கு விளக்கும்.

எதிர்வாதமும் விடையும்

பொந்து மரங்களைக் காக்க வேண்டும் என்பதற்கு மாறான வாதங்கள் உண்டு. அவை நோய்க்கும் பூச்சிக்கும் இருப்பிடம் என்பது ஒன்று. காட்டுத்தீக்கு எளிதில் இரையாகும் என்பது மற்றொன்று. பாதையில் செல்வோர் மீது விழும் என்பது மூன்றாவது. மூன்றாவது வாதம் முற்றிலும் நியாயமானது. பள்ளிக்கூடத்தின் மீதோ பேருந்து செல்லும் சாலையின் மீதோ சாய்ந்து நிற்கும் மரத்தை அணிலின் பொருட்டு விட்டு வைக்க எவரும் கோரமாட்டார். அங்கும் மரம் முழுவதையும் வெட்டாது, ஆபத்தான கிளைகளைக் குறைத்து அடிமரத்தை நிறுத்த இயலுமா என முதலில் ஆராய்வது தகும். வெட்டியே தீர வேண்டுமாயின், சில மாலைகள் கவனித்து, குட்டி இல்லாத காலத்தைத் தெரிந்து வெட்டலாம். முதலிரு வாதங்களோ, ஒரே வகை மரத்தை வரிசையாக வளர்க்கும் தோட்டத்திற்குப் பொருந்துமளவு இயற்கைக் காட்டிற்குப் பொருந்துவதில்லை. காட்டில் உளுத்த மரம் நோயன்று. காட்டின் வாழ்வில் ஒரு பருவம்.

தேசியப் பூங்காக்களிலிருந்தும் சரணாலயங்களிலிருந்தும் பட்ட மரங்களையும், நோயுற்ற மரங்களையும், காற்றில் விழுந்த மரங்களையும் அகற்றுவதற்கு உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தடை விதித்தது. அத்தடையால் அவ்விடங்களில் பொந்து மரங்களுக்கு ஒரு காப்பு ஏற்பட்டது. ஆனால் பறக்கும் அணில்கள் அவ்வெல்லைகளுக்குள் மட்டும் வாழ்வதில்லை. ஒதுக்குக் காடுகளிலும், காப்பி, ஏலத் தோட்டங்களின் நிழல் மரங்களிலும், ஊர்த் தோப்புகளிலும் அவை வாழ்கின்றன. அங்கு ஒரு மரத்தின் விதி, குறியிடும் ஊழியரின் தீர்ப்பையோ தோட்ட உரிமையாளரின் விருப்பத்தையோ பொறுத்தது. அத்தீர்ப்புக்குத் துணையாக வேண்டியது பதிவு செய்யப்பட்ட உண்மை.

செய்ய வேண்டுவது

ஆகவே ஒவ்வொரு காவல் சுற்றிலும் பொந்து மரங்களுக்கெனத் தனிப் பதிவேடு ஒன்று வைக்கப்படுதல் வேண்டும். வெட்டுக்குக் குறியிடும் முன்னர் அப்பதிவேட்டைப் பார்த்தல் விதியாக்கப்பட வேண்டும். காவலர் மாறுதலாகிச் செல்லும் பொழுது, அலுவலகச் சாமான்களின் பட்டியலுடன் இப்பதிவேடும் அடுத்தவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். ஏனெனில் பத்தாண்டுக் குறிப்பின் மதிப்பு ஓராண்டுக் குறிப்புகள் பத்தின் மதிப்பினும் கூடுதல். அருகிலுள்ள பள்ளி தன் ஊர் எல்லைக்குள் உள்ள மரங்களுக்கு இவ்வாறே ஒரு பட்டியல் தயாரித்து, ஆண்டுக்கு ஒரு முறை காவலரின் பதிவேட்டுடன் ஒப்பிடலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு குறிப்பேடும், ஓர் அளவு நாடாவும், சில மாலைப் பொழுதுகளுமே.

நாட்டின் எக்காடுகளில் எந்தப் பறக்கும் அணில் வாழ்கிறது, எம்மரங்களை நாடுகிறது, எந்த மாதங்களில் குட்டி ஈனுகிறது என்னும் வினாக்களுக்கு இத்தகைய பதிவேடுகளிலிருந்தே முழுமையான விடை கிடைக்க முடியும். விடை கிடைக்குமுன் மரம் வீழ்ந்துவிட்டால், அவ்வினா மீண்டும் எழுப்பப்பட ஒரு மரத்தின் ஆயுட்காலம் காத்திருக்க நேரும்.